துணிப் பொம்மையைக் கொண்டு பிரசவம் பார்க்கக் கற்றுத்தந்த மருத்துவச்சி

18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தன. பேறு பார்க்க வருபவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்து மூதாட்டிதான். பயிற்சி எதுவும் கிடையாது. கண்டதும் கேட்டதுமே அவருக்குத் துணை. குழந்தை கால் முன்னே வந்தாலோ குறுக்கே கிடந்தாலோ என்ன செய்வதென்று தெரியாமல், தாயையும் சேயையும் இழந்த குடும்பங்கள் பல.

அந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஆஞ்செலிக் டு கூத்ரே. மூன்றாண்டுகள் ஒரு மூத்த மருத்துவச்சியிடம் தொழில் பழகி, 1740இல் பாரிஸ் நகரில் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் அங்குள்ள அறுவை மருத்துவர்கள் மருத்துவச்சிகளுக்குப் பாடம் நடத்த மறுத்தனர். முறையான பயிற்சி தொடர வேண்டும் என்று குரல் கொடுத்த மருத்துவச்சிகளில் அவரும் ஒருவர்.

பின்னர் அவர் ஓவெர்ன் வட்டாரத்திற்குச் சென்றார். அங்குதான் கிராமத்துப் பெண்களின் நிலையை நேரில் கண்டார். கற்க வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? எனவே கைகளுக்கே பாடம் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார்.

துணி, தோல், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியை உண்மையான அளவில் செய்தார். உள்ளே குழந்தைப் பொம்மை, தொப்புள்கொடி எல்லாம் இருந்தன. பொம்மையின் வாயில் விரலை விடவும் முடியும். குழந்தையை எந்தக் கோணத்திலும் வைத்து, எப்படித் திருப்புவது, எப்படி வெளியே எடுப்பது என்று பெண்கள் திரும்பத் திரும்பப் பழகினர். கை தவறினாலும் அங்கே உயிர் போகாது.

1759இல் அவருடைய பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் 15ஆம் லூயி மன்னர், நாடெங்கும் சென்று கற்பிக்க அவருக்கு ஆணை வழங்கினார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவர் ஊர் ஊராகப் பயணம் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் சுமார் இரண்டு மாதப் பயிற்சி. பங்குக் குருமார்கள் தத்தம் ஊர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். முடித்தவர்கள் சான்றிதழுடன் ஊர் திரும்பினர்.

அவர் கிளம்பிய பிறகும் பாடம் நின்றுவிடவில்லை. பல ஊர்களில் ஒரு பொம்மையை விட்டுச்சென்றார். அதைக் கொண்டு தொடர்ந்து கற்பிக்க உள்ளூர் அறுவை மருத்துவர்களையும் பழக்கினார். அவருடைய முறையைக் கடுமையாகக் குறை கூறிய மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் அவரிடம் நேரடியாகப் பயின்ற பெண்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது.

அவர் 1794இல் போர்டோ நகரில் காலமானார். அவர் வளர்த்த உறவுக்காரப் பெண் அங்கே அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

அவருடைய பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, துணிக்குள் ஓர் இளம்பெண்ணின் உண்மையான இடுப்பெலும்பு இருப்பது தெரியவந்தது. படிக்கத் தெரியாத பெண்களின் விரல்களுக்கும் உண்மையான எலும்பின் வளைவு பழகியிருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறார் டு கூத்ரே. அவர் தந்த சான்றிதழுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பழக்கம்தான்.