வெப்பத்தை இடம் மாற்றச் சிந்தித்த கெல்வின்

இயற்பியல் பாடத்தில் வெப்பநிலையை அளக்கும் ‘கெல்வின்’ எனும் அலகை நாம் படித்திருப்போம். அப்பெயருக்குரிய அறிஞர், வீட்டைச் சூடேற்றவும் குளிர்விக்கவும் ஒரே கருவி போதும் என்று 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துக்கூறியவர் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

வில்லியம் தாம்சன் என்பது இவரது இயற்பெயர். 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். கணித ஆசிரியரான தந்தையே அவருக்கு முதல் ஆசானுமானார். பின்னர் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதிலேயே பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்த தாம்சன், பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1846இல் தமது 22ஆவது வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். நம்மில் பலர் இறுதியாண்டுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் வயது அது!

1848இல் அவர் தனி வெப்பநிலை அளவையை வகுத்தார். அதன் சுழியம் ஏறத்தாழ -273 பாகை செல்சியஸ். அப்படியானால், 5 பாகைக் குளிர்க்காற்றிலும் வெப்பம் நிறையவே உள்ளது. அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா? 1852இல் தாம்சன் அதற்கு வழி கூறினார். காற்றை விரியச் செய்தால் அது குளிரும்; அப்போது வெளியிலுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். பிறகு அதை அழுத்தினால் சூடேறும். அச்சூட்டை வீட்டிற்குள் விடலாம். திசையை மாற்றினால் அதே கருவி வீட்டைக் குளிர்விக்கும். வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதைவிட இடம் மாற்றுவது சிக்கனமானது என்பதே அவரது கருத்தின் சாரம்.

ஆனால் அன்று நிலக்கரி மலிவு. மின்சாரமோ வீடுகளை எட்டவில்லை. அடுப்புகள் எரிந்துகொண்டே இருந்தன. நகரங்கள் புகையில் மூழ்கின. தாம்சனின் கருத்து ஏட்டிலேயே தங்கிவிட்டது. அவரோ ஓய்ந்திருக்கவில்லை. அட்லாண்டிக் கடலடித் தந்திக்கம்பிப் பணியில் ஈடுபட்டு, அது 1866இல் வெற்றிபெற்றதும் ‘சர்’ பட்டம் பெற்றார். 1892இல் கெல்வின் பிரபு ஆனார். அப்பெயர், அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயராகும். 53 ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றி, 1907ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

1938இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம், லிம்மாட் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடேற்றப்பட்டது. இன்று ‘வெப்ப ஏற்றி’ எனப்படும் இக்கருவி, குளிர் மிதமாக உள்ள இடங்களில் 1 பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ 3 பங்கு வெப்பத்தைத் தருகிறது. வெளிக்குளிருக்கும் வீட்டுச் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு குறைவாக இருப்பதால் கருவிக்கு வேலையும் குறைவு. நம் அறையிலுள்ள குளிரூட்டியும் இதே தத்துவத்தில்தான், உள்வெப்பத்தை வெளியே தள்ளுகிறது.

ஒரு நல்ல கருத்து தன் காலத்தில் ஏற்கப்படாததால் அது பொய்யாகிவிடாது. ஆயினும் அதைக் காத்திருக்கவிட்ட காலமெல்லாம் எரிந்த கரிக்கு உலகம் விலை கொடுத்தே வருகிறது. மாணவர்களாகிய நாம், நம் நூலகங்களில் உறங்கும் கருத்துகளையும் சற்றே தட்டி எழுப்புவோமாக!