தளிர் தேடிய மாணாக்கர்

தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையரைப் பற்றி நம் மாணவியர் யாவரும் அறிவர். ஓலைச்சுவடிகளைத் தேடி அச்சிட்டவர் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அப்பெரியவர் எத்தனை சின்னஞ்சிறு இன்பங்களை நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார், எத்தனை பேரை நன்றியோடு நினைத்தார் என்பது வினாத்தாளில் வருவதில்லை. அதையே இங்கு சற்றுக் காண்போம்.

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் இவர்கள் குடும்பத்தின் ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணக் கதை சொல்லி அதில் வரும் சிறு பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். மகனுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பம் இடம் பெயரும். அரியலூரிலும் குன்னத்திலும் அவர்களை ஆதரித்தவர்களையும் பாடம் சொன்னவர்களையும் எண்பது வயது கடந்த பின்னும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். நமக்கு நேற்று உதவியவர் பெயரே இன்று மறந்துவிடுகிறதே!

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வீட்டில் சாமா என்று அழைக்கப்பட்ட அவரைச் சாமிநாதன் என்று நிலைக்கச் செய்தவர் ஆசிரியரே. ஆனால் தொடக்கத்தில் ஆசிரியர் நேரே பாடம் சொல்லவில்லை. மூத்த மாணாக்கரான சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்டார். அவர் கிறித்தவர். பெரியவர் வாயால் பாடம் கேட்க வேண்டுமென்று வந்த இளைஞருக்கு மனக்குறைதான். இருந்தும் வாய் திறக்கத் துணிவில்லை.

பிள்ளையவர்களுக்குத் தம் வீட்டுத் தோட்டத்தின்மேல் தனிப் பிரியம். நட்ட மரங்களும் செடிகளும் துளிர்த்திருக்கின்றனவா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். ஒரு தளிர் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். இதைக் கவனித்த சாமிநாதர் அவருக்கு முன்பே எழுந்து, எந்தச் செடியில் எங்கே புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். நாள்தோறும் இது நடந்தது. பேரன்பு பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். பின்னர் ஆசிரியரே பாடம் சொல்லத் தொடங்கினார். காரியம் சாதிக்கச் செய்த தந்திரம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியே இருந்தாலும், தினந்தோறும் தளிர் தேடிய கண் தளிரைப் பார்க்கப் பழகிவிடும் அல்லவா? பிற்காலத்தில் செல்லரித்த ஏட்டில் அரைகுறையாகத் தெரியும் ஓர் எழுத்தைக் கண்டு மகிழ்ந்ததும் அதே கண்தான்.

மாயூரத்தில் அவருக்கு இன்னோர் இன்பமும் கிடைத்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றார். தமிழ்ப் படிப்புக்கு அது இடையூறாகும் என்று ஆசிரியர் கருதவே அதை விட்டுவிட்டார். விட்டாரே தவிர, மறக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

அந்நாளில் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. பெண்கள் படிக்க வேண்டுமென்று எழுதிய கத்தோலிக்கர். சைவரான மகாவித்துவானுக்கு அவர் உற்ற நண்பர். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் ஆசிரியர் உயிர் பிரிந்தபோது அவரைத் தம் மார்பில் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதர்.

ஆசிரியரின் மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியை 1880இல் இவருக்குக் கிடைக்கச் செய்தார். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டு, பழந்தமிழ் நூல்களின் பக்கம் இவரைத் திருப்பினார். சிந்தாமணி சமண நூல். ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள இவர் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஏடு தந்தவர் பெயர்களை முகவுரையில் மறவாமல் அச்சிட்டார்.

எம். புதுப்பட்டியில் வளரும் நமக்கு அச்சிட்ட காகிதம் புதுமையன்று. சிவகாசியில் மலை மலையாக நோட்டுகளும் காலண்டர்களும் அடிக்கிறார்கள். ஒரு புத்தகம் அச்சாவதற்கு அவர் பட்ட பாட்டை நம்மால் ஊகிப்பதே கடினம். நம் பக்கத்துக்கும் அவர் வந்திருக்கிறார். இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேட்டு ஆவலோடு சென்றார். அவை முன்பே தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்திதான் கிடைத்தது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்வது முறையென்று எண்ணிவிட்டார்களாம்! அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எரிந்த ஏட்டில் என்ன பாட்டு இருந்ததோ, யார் சொல்ல முடியும்?

சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த தம் வீட்டுக்கு அவர் வைத்த பெயர் தியாகராஜ விலாசம். வேலை வாங்கித் தந்தவரை நாள்தோறும் வாசற்படியிலேயே நினைத்துக்கொள்ள ஒரு வழி. ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

தம் வரலாற்றை 1940இல்தான் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். உலகப் போர்க் காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்ற அவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே காலமானார். என் சரித்திரம் 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. 1906இல் பெற்ற மகாமகோபாத்தியாயப் பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த டாக்டர் பட்டமும் அதில் இடம்பெறவில்லை. ஆசிரியரோடு வாழ்ந்த ஐந்தாண்டுகளுக்கு மட்டும் அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுத்திருக்கிறார். மாயூரத்துத் தோட்டத்தின் தளிர்களுக்குத் தனியே ஓர் அத்தியாயம் இருக்கிறது.