குடிகளின் முறையீட்டைக் கொண்டு சென்றவர்

கஜுலு இலட்சுமிநரசுச் செட்டியார் 1806-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டினத்திலே ஒரு வணிகக் குடியிற் பிறந்தார். அவுரி, துணி வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டிய அவர், அதனைப் பூட்டி வையாது பொதுநலத்திற்கே ஈந்தார். 1844-இல் ‘கிரசெண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தோற்றுவித்தார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினார்.

அந்நாளில் வரி தண்டும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். வரி செலுத்த மாட்டாத குடியானவனைப் பிடிப்போரும், அடிப்போரும், அவன் முறையீட்டைக் கேட்போரும் ஒரு கச்சேரியாரே. கோல்களிடையே கையை வைத்து நெரிக்கும் கிட்டியும், தலையைத் தாழ்த்திக் கால்விரலோடு பிணித்து நிறுத்தும் அண்ணாந்தாளும் வழக்கிலிருந்தன. களவு நிகழ்ந்த இடத்துக் குற்றத்தை ஒப்புவித்தற்கும் இவையே கருவிகளாயின. துன்புற்றவன் எங்கே சென்று முறையிடுவான்? கலெக்டரோ நெடுந்தொலைவில் இருந்தார். இடைநின்ற சிப்பந்திகளோ அடித்தவர்க்கே துணைவர்.

செட்டியாரின் சங்கம் குடிகளின் குறைகளை விண்ணப்பமாக எழுதிப் பார்லிமெண்டுக்கு விடுத்தது. 1853-இல் டான்பி சீமூர் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரை உள்நாட்டுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காணச் செய்தார். 1854-இல் இச்செய்தி காமன்ஸ் சபையில் எழவே, விசாரணைக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. அதன்முன் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. 1855-இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை உண்மையே என்றும், துன்புற்றோர் பரிகாரம் பெறுதல் அரிதென்றும் ஒப்புக்கொண்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசை வரி தண்டுவோரிடமிருந்து பிரித்தது. எனினும் பழி முழுதும் கீழ்நிலைச் சுதேசச் சிப்பந்திகள் தலையிலே விழுந்தது. அவர்களை ஏவல்கொண்ட மேலதிகாரிகள் குற்றமற்றோராய் நின்றனர். கணக்குக் கேட்குங்கால் சிறியோரே கணக்குக் கொடுத்தனர்.

1863-இல் செட்டியார் சென்னைச் சட்டசபை அங்கத்தினராக நியமனம் பெற்றார். பொதுப்பணியிலே செல்வமெல்லாம் கரைய, 1868-இல் வறியராய் மறைந்தார்.

அவர் மிஷனரிமாரின் முயற்சிகளை வன்மையாக எதிர்த்தவர். அதுபற்றி நம்மனோர் அவரை மறத்தல் முறையன்று. அடியுண்டவன் துயரைத் தம் துயராகக் கொண்ட ஒருவரை, அவர் நம்மோடு மாறுபட்டவரேனும், நாம் போற்றக் கடவோம். அடித்தவன் கையிலேயே விசாரணையும் இருக்குமாயின் நீதி பிறவாது என்று அவர் வாழ்வு காட்டிய பாடம், இந்நாளிலும் நம் நெஞ்சில் நிற்றற்குரியது.