புள்ளறிஞர் சலீம் அலி

தமிழ் மன்றத் தோழர்களே! நான் விலங்கியல் மாணவன் அல்லேன், வணிகவியல் மாணவன். பேரேடும் ஐந்தொகையுமே என் பாடம். அத்தகையவன் புள்ளறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். கடந்த பொங்கல் விடுமுறையில் கோடியக்கரையில் நான் எழுதிய ஒரு பொய்க் கணக்கே அதற்குக் காரணம். அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் அப்பெரியாரைப் பற்றிக் கூறுகிறேன்.

என் ஊர் ஆனைக்கரை. இடுக்கி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, ஏலம் விளையும் மலையூர். கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் ஏலக்காய் வணிகர். சிறுவயதில் உண்டிவில் இன்றி நான் தோட்டத்துக்குள் சென்றதே இல்லை. எத்தனையோ குருவிகளை வீழ்த்தியிருக்கிறேன். வீழ்ந்த குருவியை ஒருமுறை பார்ப்பேன். புதரில் எறிந்துவிட்டு அடுத்ததைத் தேடுவேன்.

பம்பாயிலும் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். 1896 நவம்பர் 12ஆம் நாள் பிறந்தவன். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தவன். மாமன் அமீருத்தீன் தியாப்ஜியும் அவர் துணைவியார் அமீதா பேகமும் அவனையும் உடன்பிறந்தாரையும் தம் மக்களாகவே வளர்த்தனர். மாமன் வேட்டையில் விருப்புடையவர். அவன் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஏறத்தாழப் பத்து வயதில் ஒரு நாள் அவன் ஒரு சிட்டைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் தீற்று ஒன்று. வீட்டுச் சிட்டுக்கு அஃது இல்லையே! மாமனிடம் காட்டினான். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் போகுமாறு பையனை அனுப்பினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883இல் தோன்றியது. அதன் செயலாளர் மில்லர்டு துரை அப்பறவை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். சலீம் அலியின் வாழ்வு அன்று திசை திரும்பியது.

தோழர்களே, அச்சிறுவனும் சுட்டான், நானும் சுட்டேன். அவன் உற்று நோக்கினான், நான் எறிந்துவிட்டேன். வேறுபாடு அவ்வளவே. ஆனால் அந்த அளவுதான் எத்துணைப் பெரிது!

அவர் பிறவி மேதை என்று எண்ணிவிட வேண்டா. கல்லூரியில் முதலாண்டுக் கணக்கு அவரைக் கலங்க வைத்தது. 1914இல் படிப்பை விட்டுப் பர்மாவிலிருந்த தவாய்க்குத் தமையனாரின் சுரங்க, மரத் தொழிலுக்கு உதவச் சென்றார். தொழிலைவிடச் சுற்றியிருந்த காடே அவரை ஈர்த்தது. 1917இல் திரும்பினார். பம்பாயில் தாவர் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார்! ஆம், நம் பாடந்தான். காலையில் அங்கே கணக்கு. பின்னர்த் தூய சவேரியார் கல்லூரியில் பாதிரியார் பிளாட்டர் ஊக்குவித்த விலங்கியல். 1918இல் தெகுமினா அம்மையாரை மணந்தார்.

பட்டம் இல்லாத குறை அவரைத் தொடர்ந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று இருந்தது. பட்டம் இன்மையால் அது கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் கூறும் பணியில் அமர்ந்தார். அதில் நிறைவு கொள்ளாது 1928இல் விடுப்பெடுத்துச் செருமனி சென்று, பெர்லினில் பேராசிரியர் சுதிரேசுமானிடம் பயின்றார். வடகடலில் எலிகோலாந்து என்னும் சிறு தீவு உளது. கடல் கடந்து வரும் பறவைகள் இளைப்பாறும் இடம் அது. அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் இட்டுப் பறக்கவிடும் கலையைக் கண்டார். அந்த வளையத்தை மறவாதீர்கள். அது மீண்டும் வரும்.

1930இல் நாடு திரும்பினார். வேதாரணியத்தில் இராசாசி உப்பெடுத்த ஆண்டு அது. திரும்பியவருக்கு வேலை இல்லை. பணமில்லை என்று அருங்காட்சியகத்தில் அப்பதவியையே நீக்கிவிட்டார்கள். நம்முள் ஒருவராயின் எத்துணைப் புலம்பியிருப்போம்! அவரோ மனைவியாருடன் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபோனார். அருகே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள்தோறும் அவற்றைப் பார்த்துக் குறித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து சோதிக்கும், பிடித்தால் குடிபுகும். அதன் பின்னரே ஆண் அதை முடிக்கும். முடித்துவிட்டு மற்றொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை அழைக்கும். நம் நாட்டார் தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்த குருவி அது. எல்லாரும் கூட்டைப் புகழ்ந்தனர். இருந்து பார்த்தவர் இவர். வேலையற்ற காலமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

பின்னர் ஒரு வழி கண்டார். சமத்தானங்களில் பறவைகளைப் பற்றிய முறையான ஆய்வு இல்லை. செலவை மட்டும் ஏற்றால் ஊதியமின்றிச் செய்து தருவதாகக் கூறினார். ஐதராபாத்தை முடித்து, 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளுக்கு வந்தார். மறையூர், சாந்தன்பாறை, குமுளி, தட்டேக்காடு, பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளத்துக் குரியார்குட்டி என்று காடுதோறும் தங்கினார். எங்கள் ஊருக்கு வடக்கே சாந்தன்பாறை, தெற்கே குமுளி. இடையிலுள்ள ஏலக்காட்டில் பிறந்த எனக்கு, பல்கலைக்கழக நூலகத்தில் அச்செய்தியைப் படிக்கும்வரை அது தெரியாது. தெகுமினா அம்மையாரும் உடன் வந்தார். இங்கிலாந்தில் படித்து, உருதுக் கவிதையில் தோய்ந்த அம்மையார், அட்டை கடிக்கும் காட்டிலே கூடாரத்தை இல்லமாக்கினார். அவ்வாய்வின் பயனாய்த் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூல் 1953இல் வெளிவந்தது. 1969இல் அது கேரளப் பறவைகள் என்ற நூலாயிற்று. அவர் போற்றிய தட்டேக்காடு 1983இல் சரணாலயமாகி இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. அவ்வாய்வுகளில் அவர் பறவைகளைச் சுட்டார். தோலுரித்துப் பாடம் செய்தார். ஒரு பறவையின் இனத்தை ஐயமின்றி உறுதி செய்ய அந்நாளில் அதுவே வழியாயிருந்தது. காட்சிக்கோ விருந்துக்கோ அன்று. ஒவ்வொன்றிலும் இடம், நாள், அளவு எழுதிய சீட்டுக் கட்டி வைத்தார். பறவைகளைக் காத்தவரே பறவைகளைக் கொன்றவர் என்பது என்னை முதலில் உறுத்திற்று. இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. எறிந்துவிட்ட என் குருவிகள் எவர்க்கும் எதையும் சொல்லவில்லை. அவர் சீட்டுக் கட்டியவை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

1939இல் சிறு அறுவைக்குப் பின் நஞ்சேறித் தெகுமினா அம்மையார் மறைந்தார். இருபதாண்டு இல்லறம் அத்துடன் முடிந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையார் இல்லத்தில் தங்கிப் பணியில் மூழ்கினார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய வண்ணப்பட நூல் வெளிவந்தது. சிறையிலிருந்த நேரு அதனைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். எத்தனையோ இந்தியர் பறவைகளை இனம் காணக் கற்றது அந்நூலால்தான்.

இனி வளையத்துக்கு வருவோம். 1957இல் மைசூர்ப் பகுதியில் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் தோன்றியது. உருசிய நாட்டு நோய் ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் அதைக் கொணர்ந்திருக்குமோ என்று ஐயுற்றனர். இவ்வாய்ப்பைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையைப் பெற்று, 1959இல் பறவை வலசை ஆய்வைச் சலீம் அலி தொடங்கினார். எலிகோலாந்தில் கண்ட கலை முப்பதாண்டு கழித்து இங்கே பயன்பட்டது. பரம்பரையாய்ப் பறவை பிடித்து விற்று வந்த பீகாரின் மிர்சிகார்களை அழைத்து, அவர்கள் வலைத்திறனைக் கொண்டே பறவைகளைப் பிடித்து, வளையம் இட்டு விடுவித்தனர். கண்டெடுப்போர் பம்பாய்க் கழகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற குறிப்பும் ஓர் எண்ணும் அவ்வளையத்தில் இருக்கும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அச்சிறு உலோகமே சொல்லும்.

கழகத்தார் பல்லாண்டு தங்கி வளையமிட்ட இடங்களுள் ஒன்று கோடியக்கரை. சோழ மண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே மடங்கும் முனை அது. ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பளமும் சதுப்பும். குளிர்காலத்தில் பூநாரையும், ஆலாவும், கடற்காகமும், உள்ளானும் கூடும். 1967இல் அது சரணாலயமாயிற்று. 2002இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

பொங்கல் விடுமுறையில் நண்பர் ஒருவர் அழைக்க, நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அங்கே சென்றேன். விடியற்காலை, முழங்கால் வரை சேறு, கையில் தாளும் எழுதுகோலும். எதிரே கொசு உள்ளான் கூட்டம். முப்பது கிராம் எடைகூட இராத அப்பறவை ஆர்க்டிக் நிலத்திலிருந்து வருகிறது! கூட்டத்தை ஒவ்வொன்றாய் எண்ண இயலாது. ஒரு பகுதியில் நூறு பறவைகளை எண்ணிக் கண்ணில் நிறுத்தி, அதைப் போல் எத்தனை பகுதி என்று அளந்து பெருக்குவதே முறை. நான் தொடங்குமுன் மேலே ஒரு வல்லூறு வட்டமிட்டது. கூட்டம் புகைபோல் எழுந்து, திரும்பி, கடல்மேல் மறைந்தது. தாளில் வெற்றிடம் விட எனக்கு நாணம். ஐயாயிரம் என்று எழுதினேன்.

எங்கள் குழுவின் மூத்தவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தாளைப் பார்த்தார். எந்தப் பகுதியை நூறு என்று கொண்டீர்கள், தம்பி, என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் சினக்கவில்லை. எண்ணை அழிக்க வேண்டா என்றார். ஒரு கோடு இழுத்து, எண்ணப்படவில்லை என்று பக்கத்தில் எழுதச் சொன்னார். பேரேட்டில் சுரண்டி அழித்தல் கூடாது. அடித்துத் திருத்திக் கையொப்பமிட வேண்டும் என்று வகுப்பில் நாம் படிக்கவில்லையா? எடை போடாத மூட்டைக்குக் கணக்கு எழுதுவது களவு என்று என் தந்தையார் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். ஏலக்காய்க்குப் பொருந்தும் நீதி உள்ளானுக்குப் பொருந்தாது என்று எண்ணிவிட்டேன் போலும்!

திரும்பி நடக்கையில் ஆசிரியர் விளக்கினார். எந்தச் சதுப்பைக் காப்பது, எதை விடுவது என்பதை இத்தகைய எண்களே முடிவு செய்கின்றன. பறவைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகையில், என்னைப் போல் ஒருவன் நாணத்தால் ஐயாயிரம் என்று எழுதினால், அக்குறைவு எவர்க்கும் தெரியாது போகும். தெரியும்போது பறவை இராது. அப்போதுதான் அவர் சலீம் அலியின் பெயரைச் சொன்னார். 1876க்குப் பின் எவரும் உறுதியாய்க் காணாத இமயமலைக் காடையை அவர் தேடினார்; கிடைக்கவில்லை. அத்துணைப் புகழுடையவர் கண்டதாக ஒரு சொல் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவரோ காணவில்லை என்றே எழுதினார். ஊர் திரும்பியதும் நூலகம் சென்று அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்வேன். அமெரிக்க அறிஞர் தில்லன் இரிப்ளியுடன் இணைந்து, இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். பட்டமில்லாத அவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. 1958இல் பத்மபூசண், 1976இல் பத்மவிபூசண், 1985இல் மாநிலங்களவை நியமனம். பன்னாட்டுப் பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முயன்றபோது, அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். 1984இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1987 சூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியதும் அதே 1987இல்தான்.

1990இல் கோவையில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் எழுந்தது. எங்கள் மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரிவது மேகமலை. அங்கே 1948இல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால் புதிய இனம் என 1972இல் அறியப்பட்டது. அதற்கும் அவர் பெயரையே சூட்டினர். நான் சிறுவயதில் நாள்தோறும் பார்த்த மலை!

எங்கள் தோட்டத்து ஓடையில் குளிர்காலந்தோறும் ஒரு வாலாட்டி வரும். அதே பறவைதானா? காலில் வளையம் இல்லாததால் சொல்ல முடியாது. சென்ற விடுமுறையில் கரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். எத்தனை என்று தந்தையார் கேட்டார். ஒன்று என்றேன். பறவையை எண்ணிச் சோறு கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை; கணக்குச் சரியா என்றுதான் கேட்டார்.

தோழர்களே, வரும் சனவரியில் மீண்டும் கோடியக்கரைக்குச் செல்கிறேன். உடன் வருவோர் மன்ற அறையில் பெயர் தருக. எண்ணத் தெரியவேண்டும் என்பதில்லை; கற்றுக்கொள்ளலாம். எண்ணாததை எழுதாதிருந்தால் போதும்.