மகப்பேறும் முத்துலட்சுமி அம்மையாரும்

மண்டபம் முகாமை அறியாத தோழர் இருக்க முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன தமிழரைக் கடல் கடக்குமுன் நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது. தொற்றுநோய் கப்பலேறிவிடக் கூடாதே என்ற கவலை ஆட்சியாளருக்கு இருந்தது. அந்த வரிசையிலே வயிற்றுப் பிள்ளையோடு நின்றாளே ஒருத்தி, அவளைப் பற்றிக் கவலைப்பட்டார் யார்?

அவளைப் போன்றவர்களுக்காகவே வாழ்ந்தார் ஒருவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி முறையை எதிர்த்தவர் என்றே மேடைதோறும் பேசிப் பழகிவிட்டோம். அவர் டாக்டர் என்பதைப் பாதி மறந்துவிட்டோம்.

1886-ல் புதுக்கோட்டையிலே பிறந்தார். தந்தை பார்ப்பனர், கல்லூரித் தலைவர். தாயோ தேவதாசிக் குலத்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது, வீட்டிலேயே படித்தார். மன்னர் கல்லூரியிலே இடம் கேட்டபோது எழுந்தது எதிர்ப்பு! பெண்ணா, அதுவும் இந்தக் குலத்துப் பெண்ணா என்று பதறினர் பெரிய மனிதர்கள். மன்னர் இடம் தந்தார், 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம்.

பதறியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தார்களா? அந்நாளிலே ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதை வீடுகள் அனுமதிக்கவில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், உதிரம் நிற்காமல் போனாலும், உள்ளே இருப்பவள் மருத்துவச்சி ஒருத்தியே. பெண் படிக்கக் கூடாது என்று கல்லூரிக் கதவை அடைத்தவர்கள், பிரசவ அறையின் கதவையும் சேர்த்தே அடைத்தார்கள். சாத்திரம் பிழைத்தது, தாய் மாண்டாள்!

எழும்பூர் மகளிர் ஆஸ்பத்திரியிலே பணிபுரிந்த அம்மையார் 1926-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார், துணைத் தலைவருமானார். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை கேட்டார். பால்ய விவாகத்தை எதிர்த்தார். 1929-ல் சாரதா சட்டம் வந்தது. அதுவும் பெண்ணின் மண வயதை 14 என்றுதான் வைத்தது. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 1968-ல் மறைந்தார்.

இன்று தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் உதவி முதல் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. மண்டபம் கரையிலே கடல்பாசி எடுக்கும் பெண், மூன்றாவது பிள்ளையைச் சுமந்தால் என்ன செய்வாள்? கடலுக்குப் போகாவிட்டால் அன்று கூலி இல்லை. போனால் இடுப்பளவு நீரிலே பாறைமேல் நிற்க வேண்டும். இந்த வரம்பை எடுத்துவிடுங்கள் என்று அரசைக் கேட்கிறோம். மீனவர் குப்பங்களிலே தோழர்களும் இதைப் பேச வேண்டும்.