18 ரேஸ், 16 தோல்வி: தோற்றே உலகப் புகழ் பெற்ற டீ வியாபாரி தாமஸ் லிப்டன்

ஆபீஸ் பேன்ட்ரியில் மஞ்சள் லேபிள் தொங்கும் டீ பேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் 'லிப்டன்' ஏதோ விளம்பர நிறுவனம் யோசித்து வைத்த பெயர் இல்லை. அது ஒரு நிஜ மனிதரின் குடும்பப் பெயர். மளிகைக் கடையில் தொடங்கி கோடீஸ்வரரான அந்த மனிதருக்குப் பாய்மரப் படகுகள் மீது தீராத ஆசை. உலகின் மிகப் பழமையான விளையாட்டுக் கோப்பைகளில் ஒன்றுக்காக 31 வருட இடைவெளியில் 5 முறை மோதினார். ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனால் ஜெயித்தவர்களைவிட அவர் பெயர்தான் இன்றும் நிற்கிறது. எப்படி?

கப்பல்களைப் பார்த்து வளர்ந்த பையன்

1848-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் தாமஸ் லிப்டன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா அம்மா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கிளாஸ்கோ துறைமுக நகரம் என்பதால் கப்பல்கள் வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே படிப்பு நின்றுபோனது. கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, கூலியைச் சேமித்து, 1860களின் நடுவில் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே புகையிலைத் தோட்டம், நெல் பண்ணை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். ஆனால் அவருக்கு உண்மையான பாடம் கிடைத்தது நியூயார்க்கின் மளிகைக் கடையில்தான். சரக்கை அடுக்கும் விதம், வாடிக்கையாளரிடம் பேசும் விதம், விளம்பரம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1871-ல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார்.

விளம்பரத்தில் மனுஷன் கில்லாடி. கடைக்காகப் பன்றிகளை ஊர்வலமாக நடத்தினார். 1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ராட்சத சீஸ் கட்டியை வரவழைத்து, உள்ளே தங்க நாணயங்களை ஒளித்து வைத்து விற்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த போலீஸ் வர வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்க லிப்டன் கடைகள்.

இலங்கை மலையும் டீ பாக்கெட்டும்

1869-லிருந்து இலைத் துரு நோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தோட்ட நிலங்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. 1890-ல் அங்கே போன லிப்டன், ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்ன தேயிலை ஆலை அந்தக் காலத்தில் உருவானதுதான்.

பிரிட்டனில் அப்போது ஒரு பவுண்டு எடை நல்ல டீ சுமார் 3 ஷில்லிங். லிப்டன் வைத்த விலை 1 ஷில்லிங் 7 பென்ஸ், ஏறக்குறைய பாதி. எடை போட்டு, சீல் வைத்து, கால் பவுண்டு பாக்கெட்டாகவும் கொடுத்தார். பணக்காரர்களின் பானம் தொழிலாளி வீட்டு அடுப்படிக்கு வந்தது.

தோட்டத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு என்ற தோரணையில்தான் விளம்பரங்கள் இருந்தன. ஆனால் அவர் விற்ற டீயில் சொந்தத் தோட்டத்து டீ சிறு பங்குதான். மீதியெல்லாம் சந்தையில் வாங்கியது.

விளம்பரத்தில் இருந்த பெண்கள் யார்?

அந்த விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் படம் இருக்கும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் தாண்டியவர்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார்கள். வழிச்செலவே கடனாக ஏறும். அந்தக் கடனோடுதான் லயத்து அறைகளில் வாழ்க்கை தொடங்கும். லிப்டன் தோட்டங்களும் பொதுவாக இதே முறையில் இயங்கியவைதான். பிரிட்டனில் டீ மலிவானதற்கு இந்தக் கூலியும் ஒரு காரணம்.

51 வயதில் தொடங்கிய துரத்தல்

டீ பணம் கொட்டியது. 1898-ல் 'சர்' பட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, அமெரிக்கர்கள் 1851-லிருந்து விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த 'அமெரிக்காஸ் கப்' பாய்மரப் பந்தயத்தில் மோதினார். அயர்லாந்து வேரை நினைவுபடுத்தும் விதமாகப் படகுக்கு 'ஷாம்ராக்' என்று பெயர். படகை ஓட்டியது தொழில்முறை மாலுமிகள். பணமும் பிடிவாதமும் லிப்டனுடையது.

ஸ்கோர் இதோ (முதல் எண் லிப்டனுடையது):

- 1899: 0-3
- 1901: 0-3
- 1903: 0-3
- 1920: 2-3
- 1930: 0-4

மொத்தம் 18 ரேஸ், 2 வெற்றி.

படகின் தரம் மட்டும் காரணமில்லை. அன்றைய விதிப்படி, சவால் விடுபவரின் படகு அட்லாண்டிக் கடலைத் தானே தாண்டி வர வேண்டும். அதற்கேற்ற உறுதி வேண்டும் என்றால் எடை கூடும். அமெரிக்கப் படகுக்கு அந்தக் கவலை இல்லை. 1903-ல் எதிரே நின்ற 'ரிலையன்ஸ்' படகின் பாய் மட்டுமே சுமார் 16,000 சதுர அடி!

1920-ல்தான் கிட்டத்தட்ட ஜெயித்தார். முதல் ரேஸில் எதிரணிப் படகு பழுதாகி விலகியது. இரண்டாவதில் ஷாம்ராக் நேர்மையாகவே முந்தியது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். அடுத்த மூன்றும் போச்சு.

தோல்விதான் லாபமா?

ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தோல்வியை ஏற்றார். சாக்கு சொல்லவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின, டீயும் விற்றது. அப்போ எல்லாம் விளம்பரம்தானா? விளம்பரமும் உண்டு, அதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனால் 82 வயதில் ஐந்தாவது படகை இறக்குவதை விற்பனைக் கணக்கு மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. 1930 தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்கள் சந்தா போட்டு அவருக்குத் தங்கக் கோப்பை பரிசளித்தார்கள்.

சொந்த நாட்டில் கதை வேறு. மன்னர் ஏழாம் எட்வர்டின் நண்பராக இருந்தும், மேட்டுக்குடியினரின் 'ராயல் யாட் ஸ்குவாட்ரன்' கிளப் இந்த மளிகைக்காரரைப் பல ஆண்டுகள் சேர்க்கவே இல்லை. 1931-ல்தான் உறுப்பினராக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2-ல் லிப்டன் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், சொத்தில் பெரும்பகுதியை கிளாஸ்கோ ஏழைகளுக்கு எழுதி வைத்திருந்தார். அவர் துரத்திய கோப்பையை அமெரிக்காவிடமிருந்து ஆஸ்திரேலியா பறித்தது 1983-ல்தான்.

இன்னொரு கணக்கு

அவர் இறந்து 17 ஆண்டுகளில், 1948-ன் குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரின் கதி பிறகு முடிவாகும் என்று விடப்பட்டது.

தம்பேதென்னவுக்கு மேலே, லிப்டன் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்ப்பாராம் என்று சொல்லப்படும் உச்சி 'லிப்டன் சீட்', இன்று டூரிஸ்ட் ஸ்பாட். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. அந்த உச்சிக்குப் போகும் வழியெல்லாம் தேயிலைதான். அதை இன்றும் பறிப்பவர்களில் பெரும்பாலோர், அன்று அந்த விளம்பரங்களில் பெயரில்லாமல் நின்றவர்களின் வழிவந்தவர்கள்.