மர்யம் அத்தியாயத்தைக் கேட்டு அழுத மன்னர் நஜ்ஜாஷி

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் சமுதாயத்தில் ஒரு விவாதமும் கூடவே பிறந்துவிடுகிறது. கிறிஸ்தவ நண்பருக்கு வாழ்த்துச் சொல்லலாமா? பக்கத்து வீட்டார் தரும் பலகாரத்தை வாங்கலாமா? இவற்றின் சட்ட விளக்கங்களில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் இங்கு செல்லவில்லை. ஈஸா (அலை) அவர்களின் பிறப்பைக் கிறிஸ்தவர்களின் அவையில் நம் முன்னோர் எப்படிப் பேசினார்கள், அதைக் கேட்டவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையே பார்க்கப் போகிறோம்.

அந்த அவைக்கு உரியவர் அபிசீனிய மன்னர் அஸ்ஹமா. நஜ்ஜாஷி என்பது அந்நாட்டு மன்னர்களின் பட்டப்பெயர். நான்காம் நூற்றாண்டில் மன்னர் எஸானாவின் காலத்திலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது.

அஸ்ஹமாவின் இளமை துயரம் நிறைந்தது. மன்னராக இருந்த தந்தை கொல்லப்பட்டார். சிறிய தந்தை அரியணை ஏறினார். அறிவில் சிறந்த இந்த இளைஞர் ஒருநாள் பழிவாங்குவார் என்று அஞ்சியவர்கள், அவரை 600 திர்ஹங்களுக்கு ஒரு வணிகரிடம் அடிமையாக விற்றார்கள். அன்று மாலையே இடி விழுந்து சிறிய தந்தை இறக்க, விற்றவர்களே ஓடிப்போய் அவரை மீட்டுவந்து முடிசூட்டினார்கள். பணத்தைப் பறிகொடுத்த வணிகர் அவரிடமே முறையிட, ஒன்று பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையேல் வாங்கிய அடிமை அவருடன் போவான் என்று தீர்ப்பளித்தார். இப்னு இஸ்ஹாக் அவர்களின் சீராவில் இச்செய்தி உள்ளது. அநீதியின் வலியை அனுபவித்து அறிந்தவர் அவர்.

கி.பி. 615-இல் மக்காவின் கொடுமை தாங்காத ஸஹாபாக்களை, யாருக்கும் அநீதி இழைக்கப்படாத அந்த நாட்டுக்குச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இரண்டாவது பயணத்தில் 80-க்கும் மேற்பட்ட ஆண்கள் சென்றனர். அவர்களைத் திருப்பி அழைத்துவர, விலையுயர்ந்த தோல் பொருள்களுடன் அம்ர் இப்னுல் ஆஸும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவும் வந்தார்கள். முதலில் பாதிரியார்களுக்குப் பரிசுகளைக் கொடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஆனால், அடைக்கலம் தேடி வந்தவர்களை விசாரிக்காமல் ஒப்படைக்க மன்னர் மறுத்துவிட்டார்.

முஸ்லிம்களின் சார்பில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) பேசினார்கள். இறைச்செய்தியிலிருந்து ஏதேனும் ஓதுமாறு மன்னர் கேட்டபோது, மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார்கள். ஜகரிய்யா (அலை) அவர்களின் முதுமைப் பிரார்த்தனையும், பேரீச்ச மரத்தடியில் மர்யம் (அலை) தனியே அனுபவித்த பிரசவ வேதனையும், தொட்டில் குழந்தை பேசிய அற்புதமும் இடம்பெறும் அத்தியாயம் அது. தாடி நனையும் அளவுக்கு மன்னர் அழுதார். பாதிரியார்களும் அழுதார்கள். அங்கிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள்.

மறுநாள்தான் உண்மையான சோதனை. ஈஸாவைப் பற்றி இவர்கள் தகாத வார்த்தை சொல்கிறார்கள் என்று அம்ர் மூட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் அடைக்கலம் பறிபோகலாம். மழுப்பினால் ஈமான் பழுதாகும். ஸஹாபாக்கள் கூடி ஆலோசித்து, அல்லாஹ் சொன்னதையே சொல்வதென்று முடிவெடுத்தார்கள். ஈஸா அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த உயிர் என்று ஜஃபர் (ரலி) கூறினார்கள். இறைமகன் என்று சொல்லவில்லை. கேட்டவர்களை இழித்தும் பேசவில்லை. மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஈஸா இதைவிட இந்தக் குச்சியளவும் கூடுதலானவர் அல்லர் என்றார். பாதிரியார்கள் முணுமுணுத்தும் பொருட்படுத்தாமல், குறைஷியரின் பரிசுகளைத் திருப்பியனுப்பினார்.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். மதத்தைக் கைவிட்டதாகக் கூறி மக்கள் கிளர்ந்தபோது, தாம் தோற்றால் முஸ்லிம்கள் தப்பிச் செல்லக் கப்பல்களை ஆயத்தம் செய்துவைத்த பின்பே எதிரிகளைச் சந்தித்தார். வேறொரு முறை அவரை எதிர்த்து ஒருவன் படை திரட்டியபோது, முஸ்லிம்கள் மன்னரின் வெற்றிக்காக துஆ செய்தார்கள். இளைஞர் ஜுபைர் (ரலி) காற்றடைத்த தோல்பையின் மேல் நைல் நதியைக் கடந்துபோய் வெற்றிச் செய்தி கொண்டுவந்தார்.

ஜஃபர் (ரலி) 12 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்து, ஹிஜ்ரி 7-இல் கைபர் வெற்றியின்போது திரும்பினார்கள். அதற்கு முன் உம்மு ஹபீபா (ரலி) அவர்களை நபியவர்களுக்கு மணமுடித்துவைத்து, 400 தீனார் மஹரையும் மன்னரே கொடுத்தார். பின்னர் இஸ்லாத்தை ஏற்ற நிலையில் ஹிஜ்ரி 9-இல் வஃபாத்தானார். அன்றைய தினமே நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் மக்களுக்கு அறிவித்து, அணிவகுத்து நிற்கச் செய்து, நான்கு தக்பீர்களுடன் ஜனாஸா தொழுகை நடத்தினார்கள்.

இன்றும் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் ஜனவரி 7-இல் ஈஸா (அலை) அவர்களின் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். அதே நாட்டின் நெகாஷ் ஊரில் நஜ்ஜாஷியின் பெயரால் பள்ளிவாசல் நிற்கிறது. பிறப்பின் அற்புதத்தில் நமக்கும் அவர்களுக்கும் உடன்பாடு உண்டு. பிறந்தவர் யார் என்பதில் வேறுபாடு உண்டு. ஜஃபர் (ரலி) இரண்டையும் மறைக்கவில்லை. முதல் நாள் உடன்பாட்டை ஓதினார்கள், இரண்டாம் நாள் வேறுபாட்டைச் சொன்னார்கள். அதன் பிறகும் அதே மக்களிடையே நல்ல அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். கொள்கையை விட்டுக்கொடுத்தால்தான் நல்லுறவு என்பதும், நல்லுறவைத் துண்டித்தால்தான் கொள்கை என்பதும் அவர்களின் வழியல்ல.

இந்த மாதம் கிறிஸ்தவ நண்பர் நம்மிடம் ஈஸா நபியைப் பற்றிக் கேட்டால், மர்யம் அத்தியாயத்தின் செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்காவது நாம் அதைப் படித்திருக்கிறோமா? அந்த இல்மையும் பண்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.